மேஜர் டெய்லர்: எங்கள் கடைச் சுவரில் இருக்கும் படத்தைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் சைக்கிள் கடை இருக்கிறது. அப்பா காலத்தில் மணி வாடகைக்கு சைக்கிள் விட்ட கடை. வாடகை சைக்கிள் காலம் முடிந்துபோனது. இப்போது பஞ்சர், ஓவராயிலிங், பழைய வண்டிகளை வாங்கிச் சரிசெய்து விற்பது என்று ஓடுகிறது. காற்றடிக்கும் பம்புக்கு மேலே சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறேன். சைக்கிள் மேல் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்பின இளைஞர். ட்யூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடும் நேரத்தில், கடைக்கு வந்தவர்கள் அந்தப் படத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்த்ததும் கேட்கிறார்கள். நானும் சொல்ல ஆரம்பிப்பேன். பஞ்சர் ஒட்டி முடிந்ததும் கதை பாதியில் நின்றுவிடும். ஒரு தடவை முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

யாருண்ணா இவரு?

மார்ஷல் டெய்லர். உலகம் அவரை மேஜர் டெய்லர் என்று கூப்பிட்டது. 1878 நவம்பர் 26 அன்று, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்தில் பிறந்தவர். 1899-ல், இருபது வயதில், சைக்கிள் ஸ்பிரிண்ட் பந்தயத்தில் உலக சாம்பியன் ஆனார். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து அப்போது 34 வருஷம்தான் ஆகியிருந்தது. அவருடைய அப்பா கில்பர்ட், அடிமை முறை ஒழியக் காரணமான உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவர்.

மூன்றாவது படிக்கும் ஒரு பாப்பா படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நம்ம ஏரியாவாண்ணா?" என்று கேட்டது. இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி ஆயிற்று.

மேஜர் என்றால் பட்டாளத்தில் இருந்தாரா?

இல்லை. சின்னப் பையனாக இருக்கும்போதே சைக்கிளில் வித்தை காட்டுவார். இண்டியானாபொலிஸில் ஹே அண்ட் வில்லிட்ஸ் என்று ஒரு சைக்கிள் கடை. அங்கே அவரை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். காலையில் கடையைக் கூட்டித் துடைக்க வேண்டும். சாயங்காலம் கடை வாசலில் வித்தை காட்டிக் கூட்டம் சேர்க்க வேண்டும். வித்தை காட்டும்போது பட்டாளத்துச் சட்டை போட்டுக்கொள்வார். அதைப் பார்த்து ஜனங்கள் வைத்த பெயர்தான் மேஜர்.

சைக்கிள் கடையில் கூட்டித் துடைத்த பையன் என்பதால்தான் இவர் படம் என் கடையில் இருக்கிறது. வேறு காரணங்கள் பிறகுதான் வந்தன.

ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் சைக்கிள் எப்படிக் கிடைத்தது?

அப்பா கில்பர்ட், சதர்ட் என்ற பணக்கார வெள்ளைக்காரக் குடும்பத்தில் கோச்சு வண்டி ஓட்டினார். அந்த வீட்டுப் பையன் டேனியலுக்கும் மார்ஷலுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. துணைக்கு இருக்கட்டும் என்று மார்ஷலை அவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். டேனியலுக்கு என்ன உடையோ அதேதான் இவனுக்கும். டேனியலுக்கு வாத்தியார் பாடம் சொல்லும்போது இவனும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தான். கடைசியில் ஒரு சைக்கிளும் வந்தது.

ஆனால் ஒரு இடத்தில் கதவு மூடியது. பையன்கள் எல்லாரும் சேர்ந்து ஒய்.எம்.சி.ஏ உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவார்கள். மார்ஷலை உள்ளே விடமாட்டார்கள். மாடியில் இருந்து மற்ற பையன்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நிறத்துக்காகத் தன்னை ஒதுக்கியதை முதல்முதலில் அங்கேதான் உணர்ந்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். இந்த ஒய்.எம்.சி.ஏ-வை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வரும்.

சதர்ட் குடும்பம் சிகாகோவுக்குக் குடிபோனது. மகனை அவ்வளவு தூரம் அனுப்ப அம்மாவுக்கு மனசு வரவில்லை. மாளிகையில் இருந்த பையன் வீட்டுக்குத் திரும்பி வந்து, அதே சைக்கிளில் பேப்பர் போட ஆரம்பித்தான்.

முதல் ரேஸ் எப்படி ஓடினார்?

கடை முதலாளி டாம் ஹே ஒரு பந்தயம் நடத்தினார். பத்து மைல், அதாவது 16 கிலோமீட்டர். பரிசாகத் தரப்போகும் தங்க மெடலைக் கடை ஷோகேஸில் தொங்கவிட்டிருந்தார். கூட்டித் துடைக்கிற பையன் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தான். பந்தயத்தன்று வேடிக்கை பார்க்க வந்தவனை, கூட்டம் சிரிக்கட்டும் என்று முதலாளி வரிசையில் இழுத்து நிறுத்திவிட்டார். கொஞ்ச தூரம் போ, முடியாவிட்டால் திரும்பி வந்துவிடு என்று தள்ளிவிட்டார்.

பையன் திரும்பி வரவில்லை. பெரியவர்கள் எல்லாரையும் பின்னால் விட்டு முதலில் வந்து சேர்ந்தான். மெடலை எடுத்துக்கொண்டு நேரே அம்மாவிடம் ஓடினான்.

டிராக் சைக்கிளிங் என்றால் என்ன? பிரேக்கே இல்லையாமே?

ஆமாம். அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. வெலோட்ரோம் என்பது நீள்வட்டமான ஓடுதளம். வளைவுகளில் தரை உட்பக்கமாகச் சரிந்திருக்கும். இப்போது சர்வதேசப் பந்தயங்களுக்கு 250 மீட்டர் சுற்று. வளைவில் சரிவு 40 டிகிரிக்கு மேல் போகும். மெதுவாக ஓட்டினால் சறுக்கிக் கீழே வந்துவிடுவீர்கள். வேகம்தான் உங்களை அந்தச் சுவரில் ஒட்டவைக்கிறது.

வண்டியில் ஃப்ரீவீல் கிடையாது. குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியைப் பாருங்கள்: சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலும் சுற்றும். அதே மாதிரிதான் இதுவும். மிதிப்பதை நிறுத்தி ஓய்வெடுக்க வழியில்லை. வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் காலால் பெடலை எதிர்த்து அமுக்க வேண்டும்.

ஸ்பிரிண்ட் என்பது நேருக்கு நேர் ஆட்டம். தொடக்கத்தில் மெதுவாகப் போவார்கள், சில சமயம் அசையாமல் நின்றுகூடக் கொள்வார்கள். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவர் அந்த மறைவில் பலத்தை மிச்சம் பிடிப்பார். பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டி மிதித்துப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். (தயவுசெய்து மிதிக்காதீர்கள்.) யார் எப்போது பாய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

படத்தில் ஹேண்டில்பார் ஏன் அவ்வளவு முன்னால் தள்ளி இருக்கிறது?

இதைக் கேட்டவர் ஒரே ஒருவர், தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர். எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி.

1890-களின் வண்டிக்கும் எங்கள் பழைய வாடகை ஹெர்குலிஸுக்கும் அமைப்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. சமமான இரண்டு சக்கரம், வைர வடிவ ஃப்ரேம், செயின், காற்றடித்த டயர். காற்றடித்த சைக்கிள் டயரை டன்லப் கொண்டுவந்தது 1888-ல்தான். அதற்குப் பின்னால்தான் வேகம் கூடியது. ஆனால் டெய்லரின் வண்டியில், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் முன்பக்கமாக நீண்டிருக்கும். முன்னும் பின்னும் தள்ளி முடுக்கிக்கொள்ளலாம். இதனால் முதுகைத் தரைக்கு இணையாகப் படுக்கவைத்து மிதிக்க முடியும், நெஞ்சில் மோதும் காற்று குறையும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டியவர்கள் நடுவே அவர் படுத்துக்கொண்டு போனார். அந்த மாதிரி ஸ்டெம்முக்கே பிறகு மேஜர் டெய்லர் ஸ்டெம் என்று பெயர் நிலைத்துவிட்டது. பட்டறைக்காரர் படத்தின் மேல் விரலை வைத்து அளந்து பார்த்தார். "மூணு இன்ச்சுக்கு மேல வரும்பா" என்றார்.

அவருக்கு யாருமே உதவவில்லையா?

உதவினார்கள். லூயிஸ் மங்கர் என்ற வெள்ளைக்காரர் முக்கியமானவர். பழைய பந்தய வீரர், சைக்கிள் தயாரிப்பாளர். பையனைத் தன் கூடவே வைத்துக்கொண்டு பயிற்சி கொடுத்தார். இவனை உலகத்திலேயே வேகமானவனாக ஆக்கிக் காட்டுகிறேன் என்று சொன்னார். இண்டியானாபொலிஸில் ஒத்துவராமல் 1895-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரத்துக்கு மாறியபோது டெய்லரையும் கூட்டிக்கொண்டு போனார். வூஸ்டரில் ஒய்.எம்.சி.ஏ கதவு திறந்தே இருந்தது.

ஆறு நாள் ரேஸ் ஓட்டினாராமே? தூங்காமலா?

1896 டிசம்பரில், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில். தொழில்முறை வீரராக அதுதான் தொடக்கம். பதினெட்டு வயது. முதலில் ஒரு அரை மைல் பந்தயத்தில் எடி பால்ட் என்ற நட்சத்திரத்தை ஜெயித்தார். அதோடு நின்றிருக்கலாம். ஆறு நாள் பந்தயத்திலும் இறங்கினார்.

ஆறு நாளும் ராத்திரி பகல் பாராமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். யார் அதிக தூரம் போகிறார்களோ அவர்தான் ஜெயித்தவர். தூங்கும் நேரம் முழுக்க நஷ்டம். டெய்லர் 1,732 மைல், அதாவது ஏறக்குறைய 2,790 கிலோமீட்டர் மிதித்து எட்டாவதாக வந்தார். சென்ட்ரலில் இருந்து ரயில் பாதையோரமாகவே மிதித்தால் டெல்லியைத் தாண்டியும் அறுநூறு கிலோமீட்டர் போயிருப்பார். கடைசி நாட்களில், யாரோ கத்தியோடு தன்னைத் துரத்திக்கொண்டு வருவதாகச் சொல்லி வண்டியில் ஏற மறுத்தார் என்று பதிவாகியிருக்கிறது. தூக்கமில்லாத மூளை காட்டிய காட்சிதான். ஆனால் அடுத்த வருஷமே கைகள் நிஜமாக வந்தன.

கறுப்பர் என்பதற்காக எப்படியெல்லாம் தடுத்தார்கள்?

இந்தக் கேள்விக்குக் கடையில் நின்றுகொண்டு பதில் சொல்ல முடிந்ததே இல்லை. நேரம் எடுக்கும்.

முதலில் சட்டம் போட்டார்கள். அமெரிக்காவின் சைக்கிள் ஓட்டிகள் சங்கம், 1894-ல் லூயிவில் நகரத்தில் கூடி, வெள்ளையர் மட்டும்தான் உறுப்பினர் என்று விதி சேர்த்தது. அந்த விதியைத் தவறு என்று அந்தச் சங்கமே வெளிப்படையாகக் கைவிட்டது 1999-ல்.

அப்புறம் ஓடுதளத்தை மூடினார்கள். 1896-ல் சொந்த ஊர் டிராக்கில் வெள்ளைக்கார நட்சத்திரங்களின் நேரத்தை முறியடித்தார். கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். தென் மாநிலங்களில் பந்தயம் நடத்துகிறவர்கள் அவர் பெயரையே வாங்கவில்லை. தேசிய சாம்பியன் பட்டம் புள்ளிக் கணக்கில் தீர்மானம் ஆவது. பாதிப் பந்தயங்களுக்குள் நுழையவே முடியாதவன் புள்ளிக்கு எங்கே போவான்? 1897-ல் அப்படித்தான் அவர் கையில் இருந்து பட்டம் போனது.

அப்புறம் கழுத்துக்கே வந்தார்கள். 1897 செப்டம்பர், மாசசூசெட்ஸில் டான்டன் என்ற ஊர். ஒரு மைல் பந்தயத்தில் டெய்லர் இரண்டாவது. மூன்றாவதாக வந்த பெக்கர் என்ற வெள்ளைக்கார வீரர், பந்தயம் முடிந்ததும் டெய்லரைக் கீழே இழுத்துப் போட்டு, நினைவு தப்பும்வரை கழுத்தை நெரித்தார். போலீஸ் வந்து பிரிக்க வேண்டியிருந்தது. பெக்கருக்குக் கிடைத்த தண்டனை 50 டாலர் அபராதம். அதையும் கூட ஓடிய வீரர்கள் வசூல் செய்து கட்டினார்கள். எனக்கு நெரித்ததைவிட அந்த வசூல்தான் ஆறவில்லை. கோபத்தில் கை நீட்டுகிறவன் ஒருவன். நிதானமாகப் பையில் கைவிட்டுக் காசு எடுத்தவர்கள் எத்தனை பேர்.

1898-ல் குளிர்காலப் பயிற்சிக்கு ஜார்ஜியாவின் சவானா நகரத்துக்குப் போனார். 48 மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகச் சொல்லி, மண்டையோடு படம் வரைந்த கடிதம் வந்தது. கிளம்பிவிட்டார்.

இதெல்லாம் டிராக்குக்கு வெளியே. உள்ளே நடந்ததற்கு வீரர்களிடையே ஒரு பெயர் உண்டு: பாக்கெட். முன்னால் ஒருவன், பக்கத்தில் ஒருவன், பின்னால் ஒருவன், நடுவில் நீங்கள். யாரும் உங்களைத் தொடவில்லை, விதியும் மீறவில்லை. ஆனால் பாய வேண்டிய நொடியில் பாய இடமிருக்காது. ஒருவன் ஜெயித்ததும் மற்றவர்கள் பரிசைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். எண்ணூர் விரைவு சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் இரண்டுக்கு நடுவே சைக்கிளில் மாட்டியவர்களுக்கு இது புரியும். இடது பக்கம் சக்கரம், வலது பக்கம் சக்கரம், முன்னால் புகை. லாரிக்காரருக்கு உங்கள் மேல் விரோதம் கிடையாது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

உங்களுக்கு ஏன் இதில் இவ்வளவு கோபம்?

எனக்குப் பதினேழு வயதில், ஊரின் வேறொரு பக்கத்தில் நடந்த ஒரு சைக்கிள் பந்தயத்துக்குப் போனேன். கடை வண்டி ஒன்றில் கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு எல்லாம் கழற்றி, இரண்டு ராத்திரி உட்கார்ந்து வீல் கோட்டம் எடுத்து, பால்ரஸ் மாற்றிக் கொண்டுபோனேன். மேஜையில் உட்கார்ந்திருந்தவர் பெயர் எழுதினார். அப்புறம் "எந்த ஏரியா?" என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடிவிட்டு, என்ட்ரி முடிந்துவிட்டது என்றார். எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பையன்களுக்கு நம்பர் எழுதிய துணி கொடுத்தார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். கடைக்கு வந்ததும் அப்பா ஒன்றும் கேட்கவில்லை, கேரியரை எடுத்து மறுபடி மாட்ட ஆரம்பித்தார். மறுநாள் அந்த வண்டி வாடகைக்குப் போக வேண்டும்.

டெய்லருக்கு நடந்ததோடு இதை வைத்து எடை போட மாட்டேன். கோபம் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள், அதனால் சொன்னேன்.

அத்தனை பேர் சேர்ந்து மறித்தும் எப்படி ஜெயித்தார்?

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பலத்தால் ஜெயித்தார், பொறுமையால் ஜெயித்தார் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். பலம் இருந்தது, பொறுமையும் இருந்தது. ஆனால் அவர் செய்தது அதைவிடக் குறிப்பானது. தன்னை எப்படி அடைக்கிறார்கள் என்பதைப் பாடமாகப் படித்தார்.

ஸ்பிரிண்ட்டில் புத்திசாலித்தனம் என்பது பின்னால் ஒளிந்திருப்பது. முன்னால் போகிறவன் காற்றோடு சண்டை போட்டுக் களைப்பான். ஆனால் டெய்லர் பின்னால் இருந்தால் பாக்கெட்டில் மாட்டுவார். அதனால் பல பந்தயங்களில் அவர் முன்னாலேயே போய்விட்டார். எல்லாருக்கும் சேர்த்துக் காற்றைத் தானே வாங்கிக்கொண்டார். முன்னால் போகிறவனைச் சுற்றி வளைக்க முடியாது. இப்படி ஓட்டினால் மற்றவர்களைவிட அதிக பலம் வேண்டும். அந்த அதிகப்படியைத்தான் அவர் தனக்குள் வளர்த்துக்கொண்டார். மாட்டிக்கொண்ட நேரங்களில் ஒரு சைக்கிள் அகலத்துக்கு இடைவெளி தெரிந்தால் போதும், திடீரென்று பாய்ந்துவிடுவார். அந்தப் பாய்ச்சலுக்கு அவர் காலத்தில் பதில் இல்லை. குடி கிடையாது, புகை கிடையாது. பயிற்சியை ஒழுங்காகச் செய்தார்.

வேகமானவன் எதற்கு முன்னால் போய்க் களைக்கிறான் என்று விவரம் தெரியாதவர்கள் கேட்டிருப்பார்கள். அவர் ஓட்டிய விதத்தையே அவரை மறித்தவர்கள்தான் உருவாக்கினார்கள். கடைசியில் அதே விதத்திடம் தோற்றார்கள்.

உலக சாம்பியன் ஆனது எங்கே?

கனடாவில், மான்ட்ரியல் நகரத்தில், 1899 ஆகஸ்டில். ஒரு மைல் ஸ்பிரிண்ட். அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தார்கள். அமெரிக்கக் கறுப்பர்களில் உலக சாம்பியன் ஆன முதல் ஆள் அவர்தான்.

எந்த விளையாட்டானாலும் முதல் கறுப்பின உலக சாம்பியன் இவர்தான் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ராயபுரத்தில் இருந்து சைக்கிளுக்குக் காற்றடிக்க வரும் ஒரு பெரியவர், அந்தக் காலத்தில் பாக்ஸிங் ஆடியவர், "பாக்ஸிங்ல ஒருத்தர் இருந்திருப்பாரேப்பா, பார்த்துச் சொல்லு" என்றார். தேடிப் பார்த்தேன். ஜார்ஜ் டிக்சன், கனடாவில் பிறந்த குத்துச்சண்டை வீரர், 1890-லேயே உலகப் பட்டம் வென்றவர். ஆக டெய்லர் இரண்டாவது. அடுத்த தடவை வந்தபோது சொன்னேன். அன்று முழுக்கக் கடை பெஞ்சில் உட்கார்ந்து டிக்சனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு வேகம் போவார்?

1899 நவம்பரில், சிகாகோவில், முன்னால் நீராவி இன்ஜின் வண்டி ஒன்று காற்றைத் தடுத்துக்கொண்டு போக, ஒரு மைலை 1 நிமிடம் 19 விநாடியில் கடந்தார். மணிக்கு 73 கிலோமீட்டர். மரத்தாலான ரிம், ஒரே கியர், பிரேக் இல்லை, ஹெல்மெட் இல்லை. ஒரு கட்டத்தில் ஏழு உலக சாதனைகள் ஒரே சமயத்தில் அவர் பெயரில் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டமாட்டாராமே, ஏன்?

அம்மா சஃப்ரோனியா தீவிர பக்தி உள்ளவர். 1898-ல் அம்மா இறந்த பிறகு டெய்லர் பாப்டிஸ்ட் சபையில் ஞானஸ்நானம் எடுத்தார். ஞாயிறு ஆண்டவரின் நாள், அன்று பந்தயம் இல்லை என்று முடிவெடுத்தார். ஐரோப்பாவில் பெரிய பந்தயங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். கொட்டிக் கொடுக்கிறோம் என்று கூப்பிட்டார்கள், போகவில்லை. ஞாயிறு இல்லாமல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் 1901-ல் கப்பல் ஏறினார். அதனாலேயே உலகப் பட்டத்தை மறுபடி வெல்லும் வாய்ப்புகள் கைநழுவின. பல வருஷம் பிடிவாதமாக இருந்துவிட்டு, ஓய்வு பெறும் சமயத்தில்தான் அதைத் தளர்த்தினார்.

காசிமேட்டில் இருந்து வரும் ஒரு அக்கா இதைக் கேட்டுவிட்டு, தன் பையனை எட்டு மணி பூசைக்கு அனுப்ப இந்தக் கதையைத்தான் சொல்கிறாராம். பையன் இப்போது என்னை முறைக்கிறான்.

பாரிஸ் ரேஸ் கதையைச் சொல்லுங்கண்ணா.

பையன்களுக்குப் பிடித்தது இதுதான். 1901 மே மாதம், பாரிஸில் பார்க் தெ ப்ரின்ஸ் டிராக். எதிராளி எட்மாண்ட் ஜாக்கலின், 1900-ன் உலக சாம்பியன், பிரெஞ்சுக்காரர்களின் செல்லப்பிள்ளை. முதல் மோதல் மே 16. நல்ல குளிர்; டெய்லருக்குக் குளிர் ஆகாது. ஜாக்கலின் ஜெயித்தார். ஜெயித்ததும் மூக்கில் கட்டைவிரலை வைத்து விரல்களை ஆட்டி டெய்லரைப் பார்த்துப் பழிப்புக் காட்டினார்.

பதினோரு நாள் கழித்து மறு மோதல். இந்தத் தடவை வெயில் இருந்தது. டெய்லர் இரண்டு ஓட்டத்தையும் அடுத்தடுத்து ஜெயித்தார். ஜெயித்த பிறகு இடுப்பில் இருந்து சின்னப் பட்டுக்கொடி ஒன்றை எடுத்து ஆட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். அமெரிக்கக் கொடி.

அந்தக் கொடியின் நாட்டில் அவருக்கு என்ன நடந்தது என்பதை மேலே படித்தீர்கள்.

பணம் சம்பாதித்தாரா?

நிறைய. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் மிக அதிகம் சம்பாதித்த விளையாட்டு வீரர்களில் ஒருவர். 1900-ல் வூஸ்டரில் நல்ல இடத்தில் வீடு வாங்கினார். அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் கூடிப் பேசி, கொடுத்ததைவிட அதிக விலை தருகிறோம், திருப்பிக் கொடுத்துவிடு என்றார்கள். கொடுக்கவில்லை.

மகளுக்கு ஏன் சிட்னி என்று பெயர்?

1902-ல் டெய்ஸி மாரிஸ் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்தடுத்து ஆஸ்திரேலியாவில் பந்தயங்கள். 1904 மே மாதம் சிட்னியில் பிறந்தவள், அதனால் ரீட்டா சிட்னி. அந்த மகள் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2005-ல் இறந்தார். ஆஸ்திரேலியாவில் இருந்து திரும்பிய குடும்பத்துக்கு சான் பிரான்சிஸ்கோவில் சாப்பிடவும் தங்கவும் இடம் கொடுக்க மறுத்தார்கள். கைக்குழந்தையோடு.

அதற்குப் பிறகு உடம்பும் மனசும் தளர்ந்து சில வருஷம் ஓட்டவே இல்லை. 1907-ல் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். 1910-ல் முழுக்க நிறுத்தினார். வயது 32-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசிக் காலம் எப்படி இருந்தது?

சொல்ல வேண்டாம் என்று நினைப்பேன். ஆனால் பெரியவர்கள் தவறாமல் இதைத்தான் கேட்கிறார்கள்.

தொழில்கள் செய்து பார்த்தார், கைகூடவில்லை. சேர்த்ததெல்லாம் கரைந்தது, வூஸ்டர் வீடும் போனது. தன் வாழ்க்கையைத் தானே புத்தகமாக எழுதி 1928 வாக்கில் சொந்தச் செலவில் அச்சிட்டார். அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் விற்றார். ஒரு காலத்தில் பாரிஸ் முழுக்கப் பார்க்க ஓடிவந்த மனிதர், முன்பின் தெரியாதவர் கதவைத் தட்டி, இது என் கதை, வாங்கிக்கொள்ளுங்கள் என்று நின்றிருக்கிறார். மனைவியும் பிரிந்தார். சிகாகோவில் ஒய்.எம்.சி.ஏ விடுதியில் தங்கினார். சின்ன வயதில் உள்ளே விடாத அதே ஒய்.எம்.சி.ஏ.

1932 ஜூன் 21 அன்று, குக் கவுன்டி மருத்துவமனையின் தர்ம வார்டில் இறந்தார். வயது 53. உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. மவுன்ட் கிளென்வுட் மயானத்தில், ஏழைகளைப் புதைக்கும் பகுதியில் அடையாளமில்லாமல் புதைத்தார்கள். 1948-ல் பழைய சைக்கிள் வீரர்கள் சிலர் ஒன்றுசேர்ந்தார்கள். ஷ்வின் சைக்கிள் கம்பெனி முதலாளி ஃப்ராங்க் ஷ்வின் பணம் கொடுத்தார். உடலை எடுத்து, நல்ல இடத்தில் மறுபடி அடக்கம் செய்து, வெண்கலப் பலகை வைத்தார்கள். 1982-ல் இண்டியானாபொலிஸில் வெலோட்ரோம் கட்டி அவர் பெயரை வைத்தார்கள், வரக்கூடாது என்று சொன்ன அதே ஊரில். 2008-ல் வூஸ்டர் பொது நூலகத்தின் வாசலில் நினைவுச் சிலை திறந்தார்கள்.

நம்ம ஊரில் டிராக் ஓட்ட முடியுமா?

மேலக்கோட்டையூரில், விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் வெலோட்ரோம் இருக்கிறது. கொருக்குப்பேட்டையில் இருந்து ஊரின் மறுகோடி. விடியற்காலை முதல் ரயிலைப் பிடித்து, அப்புறம் பஸ் மாறிப் போக வேண்டும். டெல்லியில், 2010 காமன்வெல்த் போட்டிகள் நடந்த இந்திரா காந்தி அரங்கத்தில் மரத்தால் ஆன உள்ளரங்க டிராக் இருக்கிறது. அங்கே பயிற்சி எடுத்த ஈசோவ் ஆல்பென் நிகோபார் தீவுப் பையன். 2018-ல் ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். அடுத்த வருஷம் குழுவாகத் தங்கம். தீவில் இருந்து ஒரு பையன் கப்பல் ஏறி வந்து அங்கே சேர முடிந்தது என்றால், கொருக்குப்பேட்டையில் இருந்து மேலக்கோட்டையூர் தூரமில்லை. போகிற பிள்ளைகளுக்கு நான் வண்டி சரிசெய்து தருகிறேன். காசு வேண்டாம்.

அப்போ என் வண்டி பிரேக்கைக் கழற்றித் தாங்கண்ணா.

மாட்டேன். வாரம் ஒருவன் கேட்கிறான். டிராக்கில் எதிரே டிரெய்லர் வராது, தம்பி. பிரேக் கட்டை தேய்ந்திருக்கும், கொண்டு வா, மாற்றித் தருகிறேன்.